நம் பாதைக்கு ஏற்ற மிதிவண்டி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்ட இந்நாளில் மிதிவண்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் குருவிகுளம் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்று பார்க்க வேண்டும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மாணவர்கள் மிதிவண்டியில் வந்து, தெரிந்த கடையின் ஓரத்தில் அதைப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டபடி பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். அவர்களுள் நானும் ஒருவன். எங்கள் வீட்டுக்கும் அந்த நிறுத்தத்துக்கும் இடையே நான்கு கிலோமீட்டர். அந்த நான்கு கிலோமீட்டர்தான் எனக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவில் தினமும் கிடப்பது.

எங்களைப் போன்ற குடும்பங்களில் ஆளுக்கொரு வண்டி இராது. ஒரே மிதிவண்டி காலையில் மகனைத் தார்ச்சாலை வழியே பேருந்துக்கும், பகலில் தந்தையைக் கரிசல் காட்டு வண்டிப்பாதைக்கும், மாலையில் ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் கொண்டு போய்த் திரும்ப வேண்டும். இம்மூன்று வேலைக்கும் பொருந்தும் வண்டியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? இக்கேள்விக்கு விடை காண நான் முதலில் ஒரு பிழை செய்தேன். அதன் பிறகே படித்த இயற்பியலை வண்டியின் மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

வண்டி வந்த வழி

1817ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் டிரெய்ஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திய மரவண்டியைச் செய்தார். அதற்கு மிதி கிடையாது; தரையைக் காலால் உந்தித் தள்ள வேண்டும். 1860களில் பிரான்சில் முன்சக்கரத்தில் மிதி பொருத்தப்பட்டது. மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும் என்பதால், வேகம் வேண்டியவர்கள் முன்சக்கரத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினார்கள். விழுந்தால் தலைகுப்புறத்தான் விழ வேண்டும். 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை ஓட்டும் செயினும் கொண்ட ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். பற்களின் எண்ணிக்கையால் வேகம் கிடைத்தபின் பெரிய சக்கரம் தேவையற்றுப் போயிற்று. 1880களின் பிற்பகுதியில் பெல்பாஸ்ட் நகரில் இருந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இன்று நம் வாசலில் நிற்கும் வண்டியின் அடிப்படை வடிவம் அன்றே முழுமை பெற்றுவிட்டது.

நம் நாட்டில் 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், 1956இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் நிறுவனமும் தொடங்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்து, கிராமப் பெண்களைப் பல்லாயிரக்கணக்கில் சாலைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பதினோராம் வகுப்பில் எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டில் கடை மணம் மாறாத புதுவண்டி நுழைந்தது அதுவே முதல் முறை. அப்பாவுடைய வண்டி கூட வேறொருவர் ஓட்டித் தேய்ந்தபின் வாங்கியதுதான். அதில்தான் நான் பார் கம்பிக்கு இடையே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன்.

நான் செய்த பிழை

நான் கல்லூரியில் சேர்ந்தபோது பள்ளியில் தந்த வண்டி தங்கைக்குப் போயிற்று. அப்பாவின் வண்டியோ போர்க்கு வளைந்து, ஓட்ட முடியாத நிலையை அடைந்திருந்தது. முதலாண்டு விடுமுறையில் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தை அப்பா என்னிடமே கொடுத்து, “ஒனக்குப் புடிச்சதா எடுத்துக்கோ. நானும் அதையே வச்சுக்கிடுதேன்” என்றார்.

எனக்குப் பிடித்தது எது? இருபத்தொரு கியர், தடித்த பூ டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக். மலையிலும் காட்டிலும் ஓடும் வண்டி என்று கடைக்காரர் சொன்னார். கரிசல் காடும் காடுதானே என்று நான் எண்ணினேன். அதில் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, இரட்டைக்கால் ஸ்டாண்டும் இல்லை. அவற்றை நான் குறையாகவே கருதவில்லை. ஒரு மாதம் பெருமையாகவே கழிந்தது.

ஐப்பசி மழை தொடங்கியது. மக்காச்சோளக் காட்டிலிருந்து அப்பாவை அழைத்துவரப் போன ஒரு மாலையில், ஈரக் கரிசல் டயரின் பூவில் அப்பி, செயினோடு சேர்ந்து பின்னால் உள்ள கியர் மாற்றும் கருவிக்குள் திரண்டது. நான் நின்று பார்க்காமல் இன்னும் அழுத்தி மிதித்தேன். கருவி கம்பிகளுக்குள் இழுபட்டு முறிந்தது. அடுத்த நாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. விடியுமுன் எழுந்து நடந்தும் முதல் பேருந்தைத் தவறவிட்டேன். தாமதமாகச் சென்றவனை ஆய்வகத்துள் அனுமதித்தார்கள். ஆனால் அளவீடுகளை எடுத்து முடிக்குமுன் மணி அடித்துவிட்டது.

எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சி வண்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, வண்டி நல்ல வண்டிதான். ஆனா இது கெட்டா நீ பெரிய ஊருக்குல்லா தூக்கிட்டுப் போவணும்?” உறுப்பு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அப்பா மாட்டுக்குத் தீவனக் கட்டைத் தலையில் சுமந்து வந்தார். என்னை ஒரு சொல் கூடக் கடிந்துகொள்ளவில்லை. அந்த மௌனமே என்னை இக்கட்டுரை எழுத வைத்தது எனலாம்.

சக்கரமும் டயரும்

முதலில் பாதையைப் பார்ப்போம். தார்ச்சாலையில் காற்று நிறைந்த, அகலம் குறைந்த டயர் எளிதாக உருளும். அதன் உருவம் அதிகம் நசுங்காததால் வீணாகும் ஆற்றல் குறைவு. இளகிய மண்ணில் இதற்கு மாறாக நடக்கும். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதன் உள்ளிருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமம். அகன்ற டயரில் காற்றைக் குறைத்து ஓட்டலாம், தரையைத் தொடும் பரப்பு கூடும், புதைவது குறையும். மணலுக்கும் சரளைக்கும் அகன்ற டயர் நல்லதென்பது இதனால்தான்.

ஆனால் நம் மண் கரிசல் மண். கோடையில் அது கல்லாக இறுகி வெடிப்பு விடும். மழையில் பசையாக ஒட்டும். ஒட்டும் மண்ணில் பூ டயர் பள்ளங்கள் நிறைய மண்ணை அள்ளிக்கொள்கிறது. அங்கே உதவுவது டயரின் அகலத்தைவிட, டயருக்கும் போர்க்குக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. குச்சி ஒன்று நுழைந்து மண்ணைத் தள்ளும் அளவு இடம் இருக்க வேண்டும். பெருமழை நாளில் எந்த வண்டியும் கரிசலில் ஓடாது. தோளில் தூக்க வேண்டியதுதான். அப்போது நேரான பார் கம்பி உள்ள வண்டி தோளில் நன்றாக உட்காரும் என்பதை அனுபவித்தவர் அறிவர்.

டயர் அளவில் ஒரு சிக்கல் உண்டு. வாங்குவோர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். 26 அங்குல டயர் என்று கடையில் கேட்டால் ஒரே பொருள் கிடைக்காது. பழைய பாணி 26 x 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். தடித்த 26 x 1.95 டயருக்கு 559 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றில் ஏறாது. அதுபோலவே நம் பெரிய வண்டியின் 28 x 1½ டயருக்கு 635 மில்லிமீட்டர். இக்கால ‘ஹைபிரிட்’ வண்டியின் 700சி டயருக்கு 622 மில்லிமீட்டர். வண்டியை வாங்குமுன் டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள எண்ணை எழுதிக்கொண்டு, அந்த அளவு டயரும் ட்யூபும் உங்கள் ஊர்க் கடையில் தொங்குகின்றனவா என்று பாருங்கள். சீமைக்கருவேல் முள் நிறைந்த நம் பாதையில் இக்கேள்வி வாரம் ஒரு முறை எழும்.

காற்றும் கியரும்

எங்கள் பகுதி சமவெளி. மேடு என்று சொல்லத்தக்கது ஓடைப் பாலங்கள்தாம். அப்படியானால் கியர் எதற்கு என்று கேட்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு நோக்கி மிதித்துப் பார்த்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். மலைத்தொடரின் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்று எங்கள் வெட்டவெளியில் தடையின்றி வீசும். நம் ஊருக்கு மலை காற்றின் வடிவில் வருகிறது!

காற்றுத் தடை, காற்றை நோக்கி நாம் செல்லும் சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். காற்றில்லாத நாளில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம் என்க. அதே வேகத்தில், எதிரே 20 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால் சார்பு வேகம் 32 ஆகும். 32இன் வர்க்கம் 1024; 12இன் வர்க்கம் 144. தடை ஏழு மடங்கு! ஆடி மாதத்தில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். காலையில் மேற்கே நான்கு கிலோமீட்டர் போக 24 நிமிடம். மாலையில் அதே தூரம் திரும்ப 14 நிமிடம்.

இனிப் பற்களைக் கணக்கிடுவோம். சாதாரணப் பெரிய வண்டி ஒன்றில் எண்ணிப் பார்த்தேன்: முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின் பிரீவீலில் 18. ஆகவே மிதி ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 2.44 சுற்று. டயரில் சுண்ணாம்பால் குறியிட்டு உருட்டி அளந்ததில் ஒரு சுற்று சுமார் 2.2 மீட்டர். எனவே ஒரு மிதிக்கு வண்டி நகர்வது சுமார் 5.4 மீட்டர். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். நல்ல சாலைக்கு இது போதும். எதிர்க்காற்றுக்கும் சுமைக்கும் இது கடினம்.

இருபத்தொரு கியர் வண்டியில் மிகத் தாழ்ந்த கியரில் முன்னே 28 பற்கள், பின்னே 28 பற்கள் இருந்தன. ஒரு மிதிக்கு ஒரே சுற்று. செங்குத்தான மலைக்கு அது வரம். ஆனால் நான் நாள்தோறும் பயன்படுத்தியவை மூன்றோ நான்கோ கியர்கள்தாம். மேலும், முன்னும் பின்னும் மாற்றும்போது பல கியர்கள் ஏறக்குறைய ஒரே விகிதத்தையே தருகின்றன.

அண்ணாச்சி எனக்கொரு எளிய வழியைக் காட்டினார். 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் பிரீவீலை மாட்டினால் விகிதம் 2.44இலிருந்து 2.2 ஆகிறது. காலுக்கு வேண்டிய விசை பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே 60 மிதிக்கு வேகம் சுமார் 17 கிலோமீட்டராகும். இரண்டு கிலோமீட்டர் வேகத்தைக் கொடுத்து முழங்காலைக் காத்துக்கொள்கிறோம். நெம்புகோல் பாடத்தில் படித்ததும் இதுவே: விசையில் கிடைக்கும் ஆதாயத்தைத் தூரத்தில் இழக்க வேண்டும்.

சுமையும் பிரேக்கும்

1954இல் வியட்நாமில் தியன் பியன் பூ போரின்போது, மூங்கிலும் மரமும் கட்டி வலுவூட்டிய சாதாரண மிதிவண்டிகளில் 200 கிலோவுக்கு மேற்பட்ட சுமைகளை ஏற்றி மலைப்பாதையில் தள்ளிச் சென்றார்கள். 1990களில் எரிபொருள் தடைக்கு உள்ளான யாழ்ப்பாணத்தில் ஊர் முழுவதும் மிதிவண்டியை நம்பியே வாழ்ந்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றும், தண்ணீர்க் குடம் இரண்டும் ஏறினால் போதும். அதற்கு எஃகுச் சட்டமும், பின் அச்சோடு முடுக்கிய கனமான கேரியரும், சுமையோடு நிமிர்ந்து நிற்கும் ஸ்டாண்டும் வேண்டும். பின்னால் ஸ்பிரிங் உள்ள வண்டியில் சட்டமே அசைவதால் இத்தகைய கேரியரை உறுதியாகப் பொருத்துவது கடினம். மேலும் அழுத்தி மிதிக்கும்போது நம் உழைப்பில் ஒரு பகுதியை ஸ்பிரிங் விழுங்கிவிடுகிறது.

சுமை ஏற்றும்போது பிரேக்கை மறக்கக் கூடாது. வண்டியும் ஆளும் சேர்ந்து 75 கிலோ. வேகம் நொடிக்கு 5 மீட்டர். இயக்க ஆற்றல் சுமார் 940 ஜூல். மூட்டையோடு 120 கிலோ என்றால் 1500 ஜூல். அத்தனையையும் பிரேக் கட்டைகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். இங்கே பழைய வண்டியின் குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பி பிரேக்கும் முலாம் பூசிய எஃகு ரிம்மும் மழையில் வழுக்கும். வண்டி எளிதில் நிற்காது. டிஸ்க் பிரேக் ஈரத்திலும் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. இரண்டுக்கும் நடுவே, அலுமினிய ரிம்மை இருபுறமும் கவ்வும் கேபிள் பிரேக் நமக்குப் பொருந்தும். கட்டையும் கேபிளும் எங்கும் கிடைக்கும், முடுக்கவும் எளிது. கம்பி பிரேக் வண்டிதான் வைத்திருக்கிறோம் என்றால், மழை நாளில் முன்கூட்டியே மெல்லப் பிரேக்கைப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும்.

உடலுக்கு ஏற்ற அளவு

22 அங்குலம், 24 அங்குலம் என்று நம் ஊரில் சொல்வது சட்டத்தின் அளவு, சக்கரத்தின் அளவன்று. பலர் ‘வளர்கிற பையன்தானே’ என்று பெரிய சட்டத்தை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பார் கம்பிக்கு மேல் இரு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்போது ஓரிரு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். சீட்டில் அமர்ந்து, மிதி மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் இதைவிடத் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். அப்பாவும் மகனும் ஓட்டும் வண்டியில் சீட் கம்பியில் இருவருக்கும் தனித்தனியே கோடு கீறி வைத்துவிட்டால் ஒரு நிமிட வேலைதான். வீட்டுப் பெண்களும் ஓட்டுவதானால் பார் தாழ்ந்த சட்டமே எல்லோருக்கும் உதவும். புடவையோடும் ஏறலாம்; கேரியரில் சுமை இருக்கும்போது காலைத் தூக்கிச் சுழற்ற வேண்டியதில்லை.

வாங்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. ஒரு வாரத்தில் இவ்வண்டி போகும் பாதையில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு?

2. இதில் ஏறும் மிகப் பெரிய சுமை எது?

3. வீட்டில் எத்தனை பேர் ஓட்டுவார்கள்? அவர்களுள் உயரம் குறைந்தவர் யார்?

4. வழியில் உள்ள மிகக் கடினமான தடை எது? மேடா, மணலா, காற்றா?

5. நாளைக் காலையில் இது பழுதானால், நாளை மாலைக்குள் சரிசெய்து தருபவர் எங்கே இருக்கிறார்?

ஐந்தாவது கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். அதற்குத்தான் மூன்று வாரம் கட்டணம் செலுத்தினேன்.

கியர் வண்டியை இழித்துரைப்பது என் நோக்கமன்று. மலையூரில் வாழும் மாணவனுக்குக் கியர் இன்றியமையாதது. நல்ல தார்ச்சாலையில் நாள்தோறும் வெகுதூரம் தனியே போய்வருபவருக்கு, ஸ்பிரிங் இல்லாத ஹைபிரிட் வண்டி மிகவும் ஏற்றது. பட்டறையும் அருகில் இருந்தால் அவர் தயங்க வேண்டியதில்லை. இதில் ஒரு வியப்பும் உண்டு. இன்று உலகெங்கும் ஓடும் மலைவண்டி எங்கிருந்து பிறந்தது? 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட கனத்த, தடித்த டயர் கொண்ட பழைய வண்டிகளைக் குன்றுச் சரிவுகளில் ஓட்டினார்கள். அவற்றைத் தம் பாதைக்கு ஏற்பச் சிறிது சிறிதாக மாற்றியதிலிருந்தே அது உருவாயிற்று. அவர்கள் தங்கள் மலைக்கு வண்டியைத் திருத்தினார்கள். நாம் நம் கரிசலுக்குத் திருத்திக்கொள்வதில் என்ன தடை?

முடிவுரை

பழுது நீங்கியதும் கியர் வண்டியை வாங்கிய விலைக்குப் பாதியளவில் விற்றேன். அப்பணத்தில் இரண்டாம் கையாக 22 அங்குலச் சட்டமும் 28 x 1½ டயரும் உள்ள வண்டியை எடுத்தோம். அண்ணாச்சி கோட்டம் எடுத்து, 20 பல் பிரீவீல் மாட்டி, கேபிள் பிரேக்கும் கனமான கேரியரும் பொருத்திக் கொடுத்தார். மட்கார்டைச் சற்றே உயர்த்தி வைத்தோம். சீட் கம்பியில் இரண்டு கோடுகள்: மேலுள்ளது என்னுடையது, கீழுள்ளது அப்பாவுடையது. வண்டி கனம்தான், கேட்பாரற்ற தோற்றம்தான். ஆனால் அதன்பிறகு இதுவரை வண்டியால் நான் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. அப்பாவும் தலைச்சுமை தூக்கவில்லை.

எல்லா வசதியும் நிறைந்த வண்டிதான் எல்லா வேலைக்கும் உதவும் என்று நான் எண்ணியிருந்தேன். பாதை, சுமை, உடல், பட்டறை ஆகிய நான்கோடும் பொருந்துவதே எல்லா வேலைக்கும் உதவும் என்று இப்போது அறிகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விசை, உராய்வு, நெம்புகோல் என்ற சொற்களை எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை. ஆயினும் சைக்கிள் கடை அண்ணாச்சியும் என் அப்பாவும் அவற்றைக் கையாலும் காலாலும் அறிந்திருக்கிறார்கள். நாம் படிக்கும் பாடத்தை அவர்கள் அறிந்ததோடு சேர்த்துப் பார்த்தால், அடுத்த வண்டி வாங்கும்போது மட்டுமன்றி வேறு பல வேளைகளிலும் அது துணை நிற்கும். நண்பர்களே, வண்டி வாங்கப் போகும்போது வீட்டில் அதை ஓட்டப்போகும் எல்லோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்!